பீலிக்கு ஒரு காணித்துண்டு

(உலக ஈரநில நாளன்று மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் பேசியது. பீலி: ஊற்றுநீர் வந்து விழும் குழாய்)

தலைவர் ஐயா அவர்களே, நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, ஃபாதர் அவர்களே, மௌலவி அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, அதிபர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர்களே (எல்லாச் சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன், யாரை முதலில் சொன்னான் என்று அப்புறம் சண்டை வேண்டாம்), அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாலும் பரவாயில்லை என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

1971இல் இதே பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கை 1990இல் அதில் சேர்ந்தது. இதுவரை நம் நாட்டிலிருந்து அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் ஏறியவை புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. எல்லாம் கீழ்நாடு. மகாவலியும் களனியும் வளவையும் புறப்படுகிற மலையகத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்றார்கள் பெரியவர்கள். பழிப்பதாவது பரவாயில்லை, இங்கே கண்டுகொள்ளவே இல்லை!

மூன்று விஷயம் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். ஹோட்டன் சமவெளி ஓடைகள், தோட்டத்துப் பள்ளங்களில் இருக்கிற சதுப்பு, அப்புறம் நீர்த்தேக்கங்கள்.

ஹோட்டன் சமவெளியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். துரைமார் போய்விட்டார்கள், மீன் போகவில்லை. அந்த ஓடைகளில் மட்டுமே வாழ்கிற சின்ன இறால் ஒன்று இருக்கிறது. அதற்கு இந்த மீன் எமன்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். தண்ணீர்த் திட்டத் திறப்புவிழா. பந்தல், மேளம், வாழைமரம், ஒரு தட்டு நிறைய மாலை. வந்த பெரியவர் ரிப்பனை வெட்டினார், வால்வைத் திருகினார். புஸ் என்று காற்று வந்தது. கைதட்டினோம். இன்னும் திருகினார். இன்னும் காற்று. மேளக்காரர் நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியாமல் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். அப்போது குழாய்க்குள் கரகரவென்று ஒரு சத்தம். எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம். மெதுவாக ஒரு கொடுக்கு, அப்புறம் இன்னொரு கொடுக்கு. நண்டு! காய்ந்து கிடந்த குழாயில் நன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பெரியவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். கூட்டத்தில் ஒரு பாட்டி, வெற்றிலை வாயோடு, சத்தமாகச் சொன்னார்: “ஐயா, மாலையை நண்டுக்குப் போடுங்க. மொதல்ல வந்தது அதுதானே!”

சிரியுங்கள், சிரியுங்கள். ஒரு பையன் அந்த நண்டைத் திருப்பிக் காட்டினான். வயிற்று மடிப்புக்குள் கடுகளவில் குஞ்சுகள், எல்லாம் காலை ஆட்டிக்கொண்டு. ஆற்று நண்டுக் குஞ்சு கடல் நண்டைப் போல நீரில் மிதந்து ஊர்விட்டு ஊர் போகாது. முட்டையிலிருந்தே முழு நண்டாக வந்து, தாயிடம் கொஞ்சநாள் ஒட்டியிருந்து, அதே ஓடையில் இறங்கிவிடும். அதனால்தான் ஓடைக்கு ஓடை இனம் மாறுகிறது. இலங்கையில் சுமார் 50 வகை நன்னீர் நண்டு இருக்கிறது, அநேகமாக எல்லாமே உலகில் வேறெங்கும் கிடையாது. ஒரு பள்ளம் காய்ந்தால் ஒரு வம்சமே போய்விடலாம். சளிக்கு நண்டு ரசம் வைக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, தண்ணீர் ஏன் வரவில்லை? ஊற்றுக்கு மேலே போய்ப் பார்த்தோம். சேறும் பன்னச்செடியுமாக இருந்த இடத்தைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று வழித்து, கொங்கிரீட் தொட்டி கட்டியிருந்தார்கள். சுற்றிலும் யூகலிப்டஸ். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தச் சேறுதான். அதை எடுத்துவிட்டுக் குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். தோட்டத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மருந்து டாங்கியைக் கானில், அதாவது வடிகாலில், கழுவுகிறவர்கள் நம் ஆட்கள். சதுப்பை வெட்டி லீக்ஸ் போடுகிறவர்களும் நம் ஆட்கள். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே!

வீட்டுக்கு ஏழு பேர்ச் காணிக்கும் அதன் உறுதிப் பத்திரத்துக்கும் எத்தனை காலம் போராடினோம், இன்னும் போராடுகிறோம். அந்தக் கோரிக்கையோடு இன்னொன்றையும் சேருங்கள் என்றுதான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். நாம் குடியிருக்கிற வரிசை வீடுகளான ஒவ்வொரு லயத்துப் பீலிக்கும் மேலே இருக்கிற ஊற்றையும் அதைச் சுற்றிய சதுப்பையும் அளந்து, ஊர்ப் பொதுக்காணியாக எழுதித் தர வேண்டும். விற்கவோ நடவோ கட்டவோ முடியாத காணி. வீட்டுக்கு உறுதி கிடைத்து பீலி வற்றிப்போனால் அந்த வீட்டில் எப்படி இருப்பது? இங்கே ஓடுகிற கெசல்கமு ஓயாதான் மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனியாகி, கொழும்புக்காரர் குழாயிலும் வருகிறது. ஆகவே இது நம் லயத்து விவகாரம் மட்டுமல்ல என்று கொழும்பில் தைரியமாகப் பேசலாம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். நீர்த்தேக்கத்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் பீலி எந்த டிவிஷனில், எந்த மலையடியில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.