நொடிக்கு ஏழரை அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் வேலை பார்த்த அனுபவத்தைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பிரபலங்களைச் சந்தித்த கதை இந்தத் துறையில் இருந்த எல்லோரிடமும் இருக்கும். நான் பிளேடைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஆமாம், சவரம் செய்கிற பிளேடுதான். கணினி வருவதற்கு முன்பு நிகழ்ச்சிகளைக் கால் அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் பதிவு செய்தோம். அது நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். பேசுகிறவர் அரை நொடி மூச்சு வாங்கினால், நாடாவில் அது நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேரத்தை விரலால் தொட்டு அளக்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்? நாடா சுற்றிய ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, பேச்சுக்கு நடுவே தேவையில்லாமல் வருகிற ‘வந்து’ எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடித்து, நாடாவின் முதுகில் மெழுகுப் பென்சிலால் கோடு போடுவோம். பிறகு பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். நேராக வெட்டினால் ஒட்டின இடம் ‘டப்’பென்று கேட்கக்கூடும். சாய்வாக வெட்டினால் ஒரு சொல் அடுத்ததில் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும்.

புதிதாக வருகிறவர்கள் உற்சாகத்தில் எல்லா மூச்சையும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். பேச்சு சுத்தமாகத்தான் இருக்கும். கேட்கிறவருக்குத்தான் மூச்சு முட்டும்.

எனக்கு இது புரிந்தது பண்ணை நிகழ்ச்சிகளில். திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது; காவிரிப் பாசன ஊர்களில் அதற்கு இருந்த செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, அதைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது வானொலி. ‘ரேடியோ நெல்’ என்றே ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் சேர்ந்தது அதற்கு வெகு காலம் கழித்து. ஆனாலும் மூத்தவர்கள் அந்தப் பெருமையை விடாமல் சொல்வார்கள்.

நிபுணர் எழுதி வைத்துப் படிப்பார். (நானும் இப்போது தாளைப் பார்த்துத்தான் படிக்கிறேன், அதை விடுங்கள்.) விவசாயி அப்படியில்லை. “யூரியாவை எப்போ நிறுத்துவீங்க?” என்று கேட்டால் உடனே பதில் வராது. வயலை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம், “பயிர் முகம் தெளிஞ்சா போதுங்க, நிறுத்திடுவேன்” என்பார். நடுவில் இருந்த அந்த மூன்று நொடியை வெட்டினால் ஏதோ மனப்பாடமாக ஒப்பித்த மாதிரி ஆகிவிடும். அவர் யோசித்தார் என்பதே அந்த இடைவெளியில்தான் தெரிகிறது. பேட்டி முடிந்ததும் வயல் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்வோம், ஒட்டுகிற இடங்களில் நிரப்ப. “யாருமே பேசலையே, எதுக்குங்க ஓடுது?” என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி.

சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. நான் அந்தப் பக்கம் போனது எண்பதுகளில். அங்கே பிளேடு இல்லை. ஒரு யு-மேட்டிக் வீடியோ கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குத் துண்டு துண்டாக நகல் எடுப்போம். வானொலியில் மறைந்துபோகிற வெட்டு இங்கே பளிச்சென்று தெரிந்தது. பேசுகிறவரின் தலை ‘விசுக்’கென்று இடம் மாறும். அதை மறைக்க நெற்கதிரையோ அவர் கையையோ நடுவில் காட்ட வேண்டும். அதற்கெல்லாம் தனியாகப் படம் பிடிக்காமல் திரும்பினால் எடிட்டர் திட்டுவார். ஆள் விஷயமும் வேறு. மைக் முன்னால் சரளமாகப் பேசிய அதே மனிதர், கேமராவைப் பார்த்ததும் சலவை வேட்டி கட்டி, மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். வானொலிதான் அவர்களுக்கு நல்ல இடம் என்பது என் கட்சி. தொலைக்காட்சி நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. நாடா விலை அதிகம். அதனால் ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு, அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வழக்கம். பிபிசியே எத்தனையோ நிகழ்ச்சிகளை அப்படி இழந்திருக்கிறது. இசை மேதைகளின் கச்சேரிகள் காப்பகத்துக்குப் போயின. வயல்வரப்பில் எடுத்த பேட்டிகளுக்கு அந்த யோகம் அபூர்வம்.

ஆனால் வீட்டில் டேப்ரிகார்டர் வைத்து வானொலியைப் பதிவு செய்தவர்கள் பலர் இருந்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படிக் கேசட் கிடந்தால், பழைய பாட்டுதானே என்று எறிந்துவிடாதீர்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் குரலோ, ஊர்க்காரர் யாராவது பேசியதோ இருக்கலாம். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் உடனே ஓட விடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நன்றாக இருந்தால் ஒரு முறை முழுதும் சுற்றி, திரும்பச் சுற்றி, பிறகு ஓட விட்டுக் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.