பரிந்துரை ஆணையத்துடையது, விசாரணை யாருடையது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தேசிய மனித உரிமைகள் ஆணையத்தைப் பல்லில்லாப் புலி என்று சொன்னவர், அதன் தலைவராகவே இருந்த நீதிபதி எச்.எல். தத்து. ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்கலாம், கிடப்பிலும் போடலாம் என்பதே அந்த ஆதங்கம். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி மாநில மனித உரிமைகள் ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால், அந்தப் பரிந்துரை எந்த விசாரணையின் மேல் நிற்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பாருங்கள். தேசிய ஆணையத்தின் பொதுச் செயலரையும், காவல்துறைத் தலைமை இயக்குநர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியின் கீழ் இயங்கும் புலனாய்வுப் பணியாளர்களையும் மத்திய அரசே தருகிறது. லாக்கப்பில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி மனு அனுப்பினால், முதலில் அரசிடம் அறிக்கை கேட்கப்படும். அரசு அதைக் காவல்துறையிடம் கேட்கும். அது போதாதென்று ஆணையமே விசாரிக்க முனைந்தாலும் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பவர், நாளை தம் துறைக்கே திரும்பப்போகும் இன்னொரு காவல் அதிகாரியாக இருக்கலாம். வேலிக்கு ஓணான் சாட்சி. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தத் தாய் அவரிடம் வாய் திறப்பாளா? தேசிய மனித உரிமை நிறுவனங்களின் உலகக் கூட்டணி 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்திய ஆணையத்தின் ‘ஏ’ என்ற உயர்நிலைத் தகுதியைப் புதுப்பிக்காமல் தள்ளிவைத்தபோது, காவலர்களைக் கொண்டு விசாரிக்கும் இந்த ஏற்பாட்டையும் சுட்டிக்காட்டியது.

மற்ற வரம்புகளும் உண்டு. நிகழ்ந்து ஓராண்டு கடந்த சம்பவத்தை ஆணையம் விசாரிக்க இயலாது. ஆயுதப் படையினர் மீதான புகாரில் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டு, அதன்மேல் பரிந்துரை செய்வதோடு சரி. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைத்து, தலைவருக்கும் மறுநியமன வழியைத் திறந்திருக்கிறது. மறுநியமனத்தை எதிர்பார்த்திருப்பவர், நியமிப்பவருக்குப் பிடிக்காத உத்தரவை எழுதக் கொஞ்சம் யோசிக்கத்தானே செய்வார்?

தூத்துக்குடியை நாம் மறந்திருக்க முடியாது. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தனர். தேசிய ஆணையம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, தன் குழுவை அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் வழக்கை முடித்துவைத்தது. மாநில அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த அந்த அறிக்கை வெளிவந்தபோது, தேசிய ஆணையத்தின் கோப்பு மூடப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.