தூரத்தைக் கேட்காதீர்கள், வாசலைக் கேளுங்கள்: அப்பா அம்மா, சின்னப் பிள்ளையோடு நடக்க ஏற்ற இடங்கள் – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு நடப்பது ரொம்பப் பிடிக்கும், அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டார். மகனுக்கு நான்கு வயது, பாதி தூரம் ஓடுவான், பாதி தூரம் ஸ்ட்ரோலர். கடைத்தொகுதிகளைச் சுற்றிக்காட்டி எங்களுக்கே அலுத்துவிட்டது. மரம் செடி பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், பழைய சிங்கப்பூரைப் பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், நகரத்தை விட்டு ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. என் கணவருக்குத் திங்கட்கிழமைதான் விடுப்பு. மெக்ரிட்சி தொங்குபாலத்துக்குப் போகலாம் என்கிறார், சரியாக வருமா?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. அந்தப் பாலம் 250 மீட்டர்தான், ஆனால் பாலம் வரை போய்ச் சேரவே காட்டுக்குள் நல்ல நடை இருக்கிறது, பாலத்தில் ஒரே திசையில்தான் போக முடியும், ஏறிவிட்டால் திரும்பி வர வழியில்லை. இறங்கி வருகிற பாதையில் படிகள். முட்டி வலிக்கிற அம்மாவை அங்கே நிறுத்திவைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதோடு, பொது விடுமுறை இல்லாத திங்கட்கிழமைகளில் அந்தப் பாலத்தையே மூடிவிடுகிறார்கள். கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

நடைப் பாதை என்றால் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் என்றுதான். சிங்கப்பூரில் அது பெரிய விஷயமே இல்லை, இது சின்ன ஊர், எந்தப் பாதையை வேண்டுமானாலும் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறலாம். எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஒரே பூங்காவுக்கு ஒரு வாசலில் நூறு படி இருக்கும், இன்னொரு வாசலில் சரிவுப் பாதையோ மின்படிக்கட்டோ இருக்கும். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் கிட்டத்தில் இருக்கிற எம்ஆர்டி நிலையத்தைக் காட்டும், அங்கே போய் இறங்கிப் பார்த்தால் எதிரே மலை மாதிரி படிக்கட்டு. அதனால் இடத்தோடு சேர்த்து எங்கே தொடங்குவது என்றும் சொல்கிறேன்.

பழைய சிங்கப்பூர் என்று கேட்டதால் முதலில் ஃபோர்ட் கேனிங். நகரத்துக்கு நடுவே ஒரு சின்னக் குன்று, ஆனால் இந்த ஊரின் கதையில் பாதி அந்தக் குன்றில்தான் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வருவதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே அங்கே மலாய் அரசர்கள் இருந்ததாகச் சொல்வார்கள், சாதாரண மக்கள் ஏறவே கூடாத குன்றாக இருந்தது. அது வெறும் கதை என்று நினைத்தவர்களும் உண்டு, 1928இல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தங்க நகைகள் வெளியே வந்தன. நகை என்றதும் உங்கள் அம்மா நிமிர்ந்து உட்காருவார், சொல்லிப் பாருங்கள். ராஃபிள்ஸ் தன் வீட்டைக் கட்டிக்கொண்டதும் இங்கேதான், 1822இல் ஜாதிக்காய், கிராம்பு வைத்து ஒரு சோதனைத் தோட்டம் போட்டதும் இங்கேதான். இப்போது அந்த நினைவாக ஒரு வாசனைப் பொருள் தோட்டம் இருக்கிறது. பேரனிடம் இலையைக் காட்டி இது என்ன என்று தாத்தா கேட்கலாம், பறிக்க மட்டும் விடாதீர்கள். அப்பாவுக்கு இரண்டாம் உலகப் போர்க் கதையில் ஆர்வம் இருந்தால், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஜப்பானியர்களிடம் சரணடைவது என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் முடிவெடுத்த சுரங்க அறைகள் இதே குன்றுக்கு அடியில்தான் இருக்கின்றன.

எப்படி ஏறுவது? செங்காங்கிலிருந்து ஊதா நிற வழித்தடத்தில் ஏறினால் ரயில் மாறாமல் தோபி காட் வந்துவிடலாம். அங்கே இறங்கியதும் எல்லாரும் அந்தப் பிரபலமான சுழல் படிக்கட்டு இருக்கிற பக்கம்தான் ஓடுவார்கள், வட்டமாக மேலே பார்த்தால் மரம் தெரியுமே, படம் எடுக்க வரிசையில் நிற்பார்களே, அதுதான். நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற வேலை. நிதானமாக நடந்து தேசிய அரும்பொருளகத்துக்கு வாருங்கள், அதை ஒட்டி மின்படிக்கட்டு மேலே போகிறது. ஸ்ட்ரோலரை மடித்து ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், பையனை ஒருவர் தூக்கிக்கொள்ளட்டும். ஏறுவது அதோடு பெரும்பாலும் முடிந்தது, மேலே சுற்றிவிட்டு இறங்குவதுதான் மிச்சம். இறங்கும்போது படி வந்தால் உடனே இறங்கிவிடாதீர்கள், முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும், பக்கத்தில் சரிவுப் பாதை இருக்கிறதா என்று பலகையைப் பாருங்கள். பையனுக்கு ஜூப்ளி பார்க் பக்கம் சறுக்குமரம், ஊஞ்சல் எல்லாம் இருக்கின்றன.

இந்த நடையை நான் டேங்க் ரோடு பக்கம்தான் முடிக்கச் சொல்வேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும், தெண்டாயுதபாணி கோயில் குன்றின் அடியிலேயே இருக்கிறது. 1859இல் செட்டியார்கள் கட்டியது, தைப்பூசக் காவடி வந்து சேருகிற இடம். அதே 1859இல்தான் மேலே கோட்டை கட்டும் வேலையும் தொடங்கியது. மேலே வெள்ளைக்காரன் கோட்டை கட்டிக்கொண்டிருக்க, கீழே நம் ஆட்கள் முருகனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் பாருங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையில் தொடங்கினால்தான் தரிசனம் கிடைக்கும். அப்புறம் பசித்தால் தோபி காட்டிலிருந்து ஒரே நிறுத்தம், லிட்டில் இந்தியாவில் தேக்கா. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பூமலை, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா. இதைச் சொன்னால் "இது எங்களுக்குத் தெரியாதா" என்பீர்கள். தெரியும், ஆனால் முக்கால்வாசிப் பேர் பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டியில் இறங்கி புக்கிட் தீமா வாசலில் நுழைகிறார்கள், நுழைந்ததும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம், தண்ணீர் விளையாட்டு, மர வீடு. நான்கு வயதுப் பையன் அங்கே இறங்கினால் அவ்வளவுதான், பூமலையில் வேறு ஒரு மரத்தைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். அதனால் எதிர்முனையில், நேப்பியர் எம்ஆர்டியில் இறங்கி டாங்லின் வாசலில் தொடங்குங்கள், சிறுவர் தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்சம் நடந்தால் தண்ணீரில் விளையாடலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும், பையன் தானாக நடப்பான். பாதை பெரும்பாலும் தளம் போட்டது, ஸ்ட்ரோலர் உருளும், உட்கார பெஞ்சு நிறைய. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு வாங்க வேண்டும்.

வழியில் 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற தெம்புசு மரம் இருக்கிறது, கிளை ஒன்று தரையை ஒட்டிக் கிடக்கும், நோட்டை எடுத்து மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் நான் அப்பாவிடம் காட்டச் சொல்வது ரப்பர் மரத்தை. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் இங்கேதான் நடப்பட்டன. 1888இல் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற முறையை இங்கேதான் செய்து பார்த்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை நச்சரித்ததில் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர். அப்புறம் என்ன ஆனது? மலாயா முழுக்க ரப்பர் தோட்டம், வேலைக்கு ஆள் வேண்டும், கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். உங்கள் அப்பாவின் ஊரிலேயே "மலாயாவுக்குப் போன பெரியப்பா" என்று ஒரு கதை இருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்தக் கதை தொடங்குகிற இடங்களில் ஒன்று இந்தத் தோட்டம். 2015இல் யுனெஸ்கோ பூமலைக்கு உலக மரபுடைமைத் தகுதி கொடுத்ததில் இந்த ரப்பர் ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, சதர்ன் ரிட்ஜஸ். மவுண்ட் ஃபேபரிலிருந்து கென்ட் ரிட்ஜ் வழியாக லாப்ரடோர் கடற்கரை வரை குன்றுகளை இணைக்கிற பாதை, மொத்தம் 10 கிலோமீட்டர், முழுதும் நடக்க வேண்டியதில்லை. இங்கேதான் வாசல் விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஊதா வழித்தடம் ஹார்பர்ஃபிரண்டில் முடிகிறது, பாதையும் அங்கிருந்தே ஏறுகிறது, வசதிதானே என்று தோன்றும். அந்த மராங் பாதை படி, படி, படி. அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். இரண்டு வழி இருக்கிறது. டாக்சி எடுத்து நேராக மவுண்ட் ஃபேபர் உச்சிக்கே போய்விடுங்கள், அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குக் கொஞ்ச தூரம்தான், பெரும்பாலும் இறக்கம். சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் மரப்பலகை அலை அலையாக வளைந்து போகும், வளைவுகளுக்கு உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம், மாலை வேளையில் காற்று நன்றாக வரும்.

இன்னொரு வழி, அலெக்சாண்ட்ரா சாலைப் பக்கம் ஹார்ட்பார்க்கிலிருந்து. அங்கிருந்து ஃபாரஸ்ட் வாக் என்று 1.3 கிலோமீட்டர் இரும்புப் பாலம், மரங்களின் உச்சிக்கு இடையே வளைந்து வளைந்து ஏறும். படி இல்லாமல் சக்கர நாற்காலி போகிற மாதிரி சரிவாகக் கட்டியிருக்கிறார்கள், அந்த வளைவெல்லாம் அதற்காகத்தான். ஆனால் தரை கம்பி வலை, கீழே பார்த்தால் காடு தெரியும், உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கட்டும். மேலே நிழலும் குறைவு, பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். நல்ல செருப்பு முக்கியம்.

வெயில் என்றதும் ஒன்று. ஊரில் ஐந்தரை ஆறு மணிக்கே நடந்து பழகியவர்கள் இங்கேயும் விடிகாலையில் கிளம்பலாம் என்பார்கள். இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது, வருஷம் முழுக்க அப்படித்தான். ஏழேகாலுக்கு அங்கே இருந்து ஒன்பதரைக்குள் முடித்துவிட்டால் சுகம். மதியத்துக்கு மேல் இடி மழை எப்போது வேண்டுமானாலும் வரும், மின்னல் எச்சரிக்கை வந்தால் பாலத்திலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். கொசு மருந்து மறக்காதீர்கள், டெங்கி இருக்கிற ஊர்.

அப்புறம் குரங்கு. நம் ஊரில் மலைக்கோயிலுக்குப் போனால் குரங்குக்குப் பழம் கொடுப்பது பழக்கம், புண்ணியம் என்றுகூட நினைப்போம். இங்கே காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அப்பாவிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் பழம் கையை விட்டுப் போயிருக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டாலும் அது சாப்பாடு என்று பிடுங்க வரும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

சமதரைதான் வேண்டும் என்றால் பழைய ரயில் பாதை இருக்கிறது, ரெயில் காரிடார். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் பக்கம்தான், 2011 ஜூன் 30 வரை மலேசிய ரயில் ஓடிய பாதை, கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். இரும்புப் பாலம் வரை போய்த் திரும்பினால் போதும், பையன் ஓட நிறைய இடம். நிழல் எல்லா இடத்திலும் இருக்காது. சுங்கே பூலோ ஈரநிலத்தில் முதலை பார்க்கலாம், செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளும் வரும், ஆனால் கிராஞ்சி போய் பஸ் மாற வேண்டும். நீங்கள் கேட்ட மாதிரி நகரத்துக்குப் பக்கம் இல்லை, அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை விடுப்பு என்றீர்கள். சிறுவர் தோட்டமும் பொது விடுமுறை இல்லாத திங்களில் மூடியிருக்கும், அன்றைக்குப் பூமலைக்குப் போனால் பையன் வாசலில் நின்று அழுவான். திங்கட்கிழமைக்கு ஃபோர்ட் கேனிங்கும் கோயிலும், கூட்டமும் இருக்காது. பூமலையை, கணவர் வர முடியாவிட்டாலும், நீங்களும் அப்பா அம்மாவும் பையனுமாக வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சதர்ன் ரிட்ஜஸ் போவதாக இருந்தால் முதல் நாள் இரவு தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பராமரிப்புக்காக ஏதாவது பகுதியை மூடியிருந்தால் அதில் போட்டிருப்பார்கள். சரி, அடுத்த கேள்வி.