பிளவு தாய், சத்தம் பிள்ளை

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறைப் பெரியவர்களே, வணக்கம்.

'வெடி என்ற சொல்லின் உயிர் சத்தமா, பிளவா?' இதுதான் இன்றைய வழக்கு. எதிரணி அண்ணன் நென்மாறா வல்லங்கி வேலா கோயில் திருவிழாவின் வெடிக்கெட்டை, அதாவது வாணவேடிக்கையைக் காட்டி, "சத்தம் இல்லாமல் வெடியா?" என்று மடக்கினார். அப்புறம் லத்தீனுக்கே போய்விட்டார். வெடிப்பைக் குறிக்கும் எக்ஸ்ப்ளோஷன் என்ற ஆங்கிலச் சொல்லே கைதட்டலில் பிறந்தது, கைதட்டல் சத்தம்தானே என்றார்.

தகவல் சரி. ஆனால் பாதிதான் சொன்னார். லத்தீனில் 'ப்ளாவ்டெரே' என்றால் கைதட்டுவது. முன்னால் 'எக்ஸ்' சேர்ந்தால், கைதட்டி வெளியே துரத்துவது. ரோமாபுரி மேடையில் ஒரு வரியில் ஓர் அசை கூடினாலும் குறைந்தாலும், சீழ்க்கையடித்துக் கைதட்டி நடிகரை விரட்டிவிடுவார்கள் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். நாமெல்லாம் அங்கே பிறக்காதது நல்லதாய்ப் போயிற்று! சரி, பாராட்டிக் கைதட்டுவதற்கு ஆங்கிலத்தில் என்ன? அப்ளாஸ். அதுவும் இதே ப்ளாவ்டெரே வீட்டுப் பிள்ளைதான். அதே கை, அதே சத்தம். ஒன்று நடிகரை நிறுத்தி வைக்கிறது, மற்றது வெளியே தள்ளுகிறது. இரண்டையும் பிரித்தது சத்தமா? 'வெளியே' என்ற அந்த ஒட்டுச்சொல் அல்லவா! ஆங்கிலத்திலும் எக்ஸ்ப்ளோட் என்ற வினை முதலில் 'வேண்டாம் என்று தள்ளுவது' என்றுதான் புழங்கியது. வெடிமருந்துப் பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

ரோமை விடுங்கள். நம் சித்தூர் தாலுகா கரிசலுக்கு வாருங்கள். கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கிறது. காதை வைத்துப் பாருங்கள், ஏதாவது கேட்கிறதா? பருத்திக்காய் வெடிக்கிறது. அம்மாவின் குதிகாலில் பித்தவெடிப்பு. அந்தச் சத்தத்தில் ராத்திரி யாராவது அலறியடித்து எழுந்தோமா?

மலையாளத்தில் வெடி சத்தத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே 'வெடி பறயுக' என்றால் சும்மா அரட்டையடிப்பது. அண்ணன் இவ்வளவு நேரம் செய்ததும் அதைத்தான். ஆனால் குண்டு வெடித்தால் மலையாளப் பத்திரிகை என்ன போடுகிறது? ஸ்போடனம். அதன் வேர் சமஸ்கிருத 'ஸ்புட்'. பிளப்பதும் அதுதான், மொட்டு விரிவதும் அதுதான்.

பட்டாசும் அண்ணனுக்குக் கைகொடுக்காது. அரை நூற்றாண்டுக்கு முன் இங்கிருப்பவர்களில் பலர் வெடிக்காத வெடியைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் கொட்டிக் கொளுத்தி அடி வாங்கியவர்கள். என்ன ஆனது? புஸ்! அதே மருந்தைக் காகிதமும் சணலும் சுற்றி இறுக்கினால், உள்ளே வாயு பெருகி, போக வழியில்லாமல் கூட்டைக் கிழிக்கிறது. காதைப் பிளக்கும் சத்தம் அந்தக் கிழிசலில்தான் பிறக்கிறது.

இன்னொன்று. அண்டம் எப்படித் தொடங்கி விரிந்தது என்று சொல்லும் கொள்கைக்கு, 1949இல் பிபிசி வானொலியில் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் 'பிக் பேங்' என்ற பெயரைச் சொன்னார். அந்தக் கொள்கையையே ஏற்காதவர் வைத்த பெயர் அது. 'பேங்' வெறும் சத்தம். தமிழில் அதைப் 'பெருஞ்சத்தம்' என்றா எழுதினோம்? பெருவெடிப்பு என்றோம். அண்டம் விரிந்த கதைக்கு நம் கரிசல் காட்டுச் சொல் போதுமானதாக இருந்தது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நான் உட்காருகிறேன். கைதட்டுவதானால் தட்டுங்கள், அப்ளாஸா எக்ஸ்ப்ளோஷனா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செருப்பு மேடைக்குக் கீழே கிடக்கிறது.