மழை, புல், கன்று, அப்புறம்தான் மற்றது

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் மேற்குப் பக்கம், கால்வேயும் ராஸ்காமனும் சேருகிற இடத்தில் 14 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். நர்ஸ் எதற்கு மாட்டுக்காரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கே நான் பார்க்கிற நோயாளிகளில் பாதிப் பேர் மாடு வளர்ப்பவர்கள். மனிதர்கள் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், மாடுகள் 60 லட்சத்துக்கும் மேல் இருக்கிற நாடு அது. காலையில் காரை எடுத்தால் இரண்டு பக்கமும் கல் வேலி, அதற்குள் பச்சைப் புல், புல்லில் மாடு. எதிரே டிராக்டரில் வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்குவார். அதுதான் வணக்கம். திருப்பி நாமும் விரலைத் தூக்க வேண்டும், தெரிந்தவரா தெரியாதவரா என்ற பேச்சே கிடையாது.

அவர்கள் ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். சும்மா பேச்சு, வெட்டிப் பேச்சு என்று நாம் சொல்வோமே, அந்தப் பேச்சு.

முதலில் மழை. எப்போதும் மழைதான் முதலில். தூறிக்கொண்டே இருக்கிற நாளை அவர்கள் மோசமான நாள் என்று சொல்வதில்லை, மென்மையான நாள் என்பார்கள். வெயில் அடித்தால் 'நல்ல நாள்' என்று சொல்லவும் தயங்குவார்கள், 'மோசமில்லை' என்றுதான் வாயில் வரும். பிப்ரவரி பிறந்தால் பார்க்கிற எல்லாரும் ஒரே வாக்கியம் சொல்வார்கள்: சாயங்காலம் நீள ஆரம்பித்துவிட்டது. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டுகிற ஊரில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று முதல் வருடம் எனக்குப் புரியவில்லை, இரண்டாம் வருடம் நானே சொல்ல ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆர்டிஈ என்கிற அந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் விவசாயிகளுக்கென்று ஒரு வானிலை அறிக்கை வரும். அந்தச் சில நிமிடம் வீட்டில் யாரும் பேசக் கூடாது, சாப்பாட்டுத் தட்டில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது.

அடுத்தது புல். 'புல் எப்படி இருக்கிறது?' என்று கேட்பார்கள். நவம்பரில் மாடுகளைக் கொட்டகைக்குள் கட்டினால் மார்ச், ஏப்ரல் வரை உள்ளேதான். அந்த நாலைந்து மாதத்துக்கும் சைலேஜ் வேண்டும், அதாவது நம் ஊரில் ஊறுகாய்ப்புல் என்று சொல்வது. மே கடைசியிலும் ஜூனிலும் புல்லை அறுத்து, உருட்டி, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி அடுக்கிவிடுவார்கள். அது தீர்வதற்குள் வெளியில் புல் வளர்ந்துவிட வேண்டும். வளராமல் போன வருடங்கள் உண்டு. 2013 வசந்தத்தில் குளிர் விடவே இல்லை, இங்கிலாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் கப்பலில் உலர்புல் வந்தது. 2018இல் மார்ச் மாதம் பனிப்புயல், அது முடிந்து கோடையில் வறட்சி. ஆக, 'புல் எப்படி இருக்கிறது?' என்பது நலம் விசாரிப்பதற்காக மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. தீவனம் தீர்ந்துபோன மனிதர் தீர்ந்துபோனது என்று சொல்ல மாட்டார், 'கொஞ்சம் இறுக்கம்தான்' என்பார். கேட்டவரும் 'ஆமாம், எல்லாருக்கும் இறுக்கம்தான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் இரண்டு உருளை சைலேஜ் கிடக்கும். யார் வைத்தது என்று இருவருமே பேச மாட்டார்கள். 2018இல் எங்கள் தெருவிலேயே இதைப் பார்த்தேன்.

கேட்கவே கூடாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி அது. இதற்குப் பின்னால் கண்ணேறு பற்றிய பழைய பயமும் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவர் மாட்டைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னால் கூடவே 'கடவுள் காப்பாற்றட்டும்' என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம், சொல்லாமல் பாராட்டினால் மாடு நலிந்துவிடும் என்று நம்பினார்கள். மே முதல் தேதி பாலை வீட்டை விட்டு வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வெண்ணெயின் ராசி அதோடு போய்விடும் என்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பாலும் மோரும் கொடுக்காத என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் காங்கேயம் பக்கம்.

காங்கேயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா வைத்திருந்த மயிலைக் காளையின் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அங்கே கன்றாக இருக்கும்போதே கொம்பைச் சுட்டுவிடுவார்கள், கொம்புள்ள மாட்டை அபூர்வமாகத்தான் பார்க்கலாம். அந்தப் படத்தை மாட்டுச் சந்தையின் உணவகத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். போன் கைமாறி மேசை மேசையாகப் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் என்னிடம் திரும்பி வந்தது. திமிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், படத்திலேயே. பெயர் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். அவர்கள் மாடுகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. இரண்டு காதிலும் மஞ்சள் அட்டை, அதில் நீளமான எண், கடைசி மூன்று நான்கு இலக்கத்தைத்தான் சொல்வார்கள். 'நேற்று 742 ஈன்றுவிட்டது' என்பார்கள். எண்தானே என்று நினைக்காதீர்கள். 742இன் தாய் யார், அவளுக்கு எந்தப் பக்கத்து மடி சின்னது, எந்த வருடம் வேலி தாண்டினாள், எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சரி, சந்தைக்கு வருகிறேன். 1950கள் வரை ஊர்த் தெருவிலேயே மாட்டுச் சந்தை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் தரகர் ஒருவர் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்ப்பார், உள்ளங்கையில் துப்பி ஓங்கி அடித்தால் வியாபாரம் முடிந்தது. நம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது மாதிரி அது அங்கத்திய வழக்கம். இப்போது கூரை போட்ட கட்டடம், நடுவில் வட்டமான களம், மேலே பலகையில் மாட்டின் எடை, வயது எல்லாம் ஓடும், ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் பாடுவது மாதிரி விலை சொல்வார். கம்பியில் சாய்ந்து நிற்பவர் இமையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், ஏலத்தில் விலை ஒரு படி ஏறும். ஆனால் பழசில் ஒன்று மிச்சம் இருக்கிறது: விற்றவர் வாங்கியவர் கையில் கொஞ்சம் பணம் திருப்பி வைப்பார், அதிர்ஷ்டக் காசு என்று. கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நிற்கும்.

அந்தச் சந்தை உணவகத்தின் ஒரு மூலையில்தான் எங்கள் மேசை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்ப்போம். இந்த ஆட்கள் டாக்டரிடம் போக மாட்டார்கள், ஆனால் சந்தைக்கு வராமல் இருக்க மாட்டார்கள், அதனால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவது. அங்கே இதை நிறைய இடங்களில் செய்கிறார்கள்.

என் முதல் வருடம். நவம்பர் மாதம், எழுபது வயது இருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மடிக்கவில்லை. 'வானம் வெளுக்கிற மாதிரி இருக்கிறது' என்றார். பின்னால் வரிசை நின்றது, நான் படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்: மூச்சு வாங்குகிறதா, மார்பு வலி உண்டா, கை மரத்துப்போகிறதா? 'ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் நர்ஸ்' என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு தாள் கொடுத்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஏப்ரலில் மறுபடி வந்தார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. படிவத்தை மூடி வைத்துவிட்டு, மாடுகளை வெளியே விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். கேட்டதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். விட்டாச்சு நர்ஸ், நாலு மாதம் கழித்துப் புல்லைப் பார்த்ததும் கிழட்டுப் பசுகூடக் காலைத் தூக்கித் துள்ளியது என்றார். அப்புறம் மழை. அப்புறம் சைலேஜ் எவ்வளவு மிச்சம். கன்றெல்லாம் ஈன்றாகிவிட்டதா என்று கேட்டேன். அங்கேதான் கதை ஆரம்பித்தது.

மார்ச் மாதம் ஒரு தலையீத்துக் கிடேரி. ராத்திரி இரண்டு மணி. கொட்டகையில் கேமரா வைத்து போனில் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார், அது எழுந்து எழுந்து படுக்கிறது. போய்ப் பார்த்தால் பின்னங்கால் முதலில் வருகிறது. அப்படி வந்தால் நேரமே இல்லை, தொப்புள்கொடி அறுந்தால் கன்று உள்ளேயே நீரைக் குடித்துவிடும். கன்று இழுக்கிற கருவியைப் பூட்டினார், தனியாக முடியவில்லை, பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போன் போட்டார். அவர் படுக்கைச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். மூச்சில்லை. கேட்டின் மேல் தலைகீழாகத் தொங்கப்போட்டு, மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறி, காதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பிறகு ஒரு தும்மல். தலையை உதறியது. இதைச் சொல்லும்போது அவரே தலையை உதறிக் காட்டினார், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அவசரம் இல்லை. கிடேரியா காளையா என்று ஒருவர் கேட்டார். கிடேரி. 'கடவுள் காப்பாற்றட்டும்' என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள்.

சீம்பால் குடித்ததா என்று நான் கேட்டேன். பக்கத்துக்காரர்தான் குடிக்க வைத்தார், நான் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கவில்லை என்றார். ஏன் எழுந்திருக்கவில்லை? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 'இந்தக் கை' என்றார். 'கனமாக இருந்தது, தாடை வரைக்கும். அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்தது.'

நவம்பரில் நான் கேட்ட கேள்விதான், நேயர்களே. கை மரத்துப்போகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். மழை, புல், கன்று, அப்புறம்தான் மற்றது. அன்றைக்கே ஆம்புலன்ஸில் அனுப்பினோம். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆகஸ்டில் சந்தைக்கு வந்து, அந்தக் கிடேரி எத்தனை கிலோ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் இந்த மழைப் பேச்சை நான் இவ்வளவு மதிக்கிறேன். அங்கே பண்ணை நடத்துகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு வயது 65க்கு மேல். பலர் தனியாக இருப்பவர்கள். காலையிலிருந்து அவர்கள் வாய் திறந்து பேசுகிற முதல் மனிதர் சந்தையில் இருப்பவராக இருக்கலாம். முன்பெல்லாம் தினமும் கழுதை வண்டியில் பால் கேனை ஏற்றிக்கொண்டு கிரீமரிக்கு, அதாவது பாலை வாங்கி வெண்ணெய் எடுக்கிற இடத்துக்கு, போய் வரிசையில் நின்று பேசினார்கள். லிமரிக் மாவட்டம் ட்ரம்காலகரில் 1889இல் முதல் கூட்டுறவுக் கிரீமரி வந்தது முதல் நூறு வருடம்வரைகூட அந்த வரிசை பல ஊர்களில் இருந்தது. பிறகு பால் லாரி பண்ணைக்கே வந்தது. வசதிதான், ஆனால் வரிசை போய்விட்டது.

பேச்சு அடியோடு நின்ற காலமும் உண்டு. 2001இல் கோமாரி. லவுத் மாவட்டத்துக் கூலி தீபகற்பத்தில் ஒரே ஒரு மந்தையில் வந்தது. ஒரு பழுப்புக் காளைக்காக இரண்டு நாடுகள் ஆநிரைப் போர் நடத்தியதாகப் பழங்கதை சொல்கிற மண் அது, வெட்சித் திணை படித்தவர்களுக்குச் சட்டென்று மனசில் ஒட்டும். நாடே கதவைச் சாத்தியது, சந்தை மூடியது, டப்ளினில் மார்ச் 17 புனித பேட்ரிக் ஊர்வலத்தையே மே மாதத்துக்குத் தள்ளினார்கள். அந்த வாரங்களில் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திப் பேசினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2020 கொரோனாவில் ஏலம் போனுக்கு வந்தது, நோய் போன பிறகும் போன் ஏலம் போகவில்லை. வீட்டிலிருந்தே வாங்கலாம், விற்கலாம். எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

காசநோய்ச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் இரண்டு ஊசி போடுவார், மூன்றாம் நாள் வந்து வீக்கம் பார்ப்பார். ஒரு மாடு சோதனையில் தேறாவிட்டாலும் மந்தையே பூட்டு, விற்க முடியாது. அந்த மூன்று நாள் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள், மழையைப் பற்றியே பேசுவார்கள். நாலாம் நாள் ஒரே சொல்: 'கிளியரா?'

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. பெண்களைப் பற்றி விரிவாகப் பேச எழுதி வைத்திருந்தேன். பண்ணை பெண்ணின் பெயரில் இருப்பது நூற்றுக்குப் பதின்மூன்று போலத்தான், ஆனால் ராத்திரி கன்று பார்ப்பதும் கணக்கு எழுதுவதும் பால் பொடி கரைப்பதும் யார் என்று எந்த வீட்டுக்குள் போனாலும் தெரியும். அவர்கள் எங்கள் மேசைக்கு வருவதே இல்லை, கணவரைத்தான் அனுப்புகிறார்கள். அவர்களோடு பேச்சு அடுக்களையில், தேநீரோடு, அதுவும் மழையில்தான் ஆரம்பிக்கும்.

அயர்லாந்திலிருந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் என் பெட்டியைக் காரில் தூக்கி வைத்துவிட்டு, உங்கள் ஊரில் இப்போது மழையா, புல் இருக்கிறதா என்று கேட்டார். மழை இல்லை, சோளத்தட்டு விலை ஏறிவிட்டது என்று இன்று ராத்திரி அவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நன்றி, வணக்கம்.