தராசைத் திறந்து விடுங்கள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மாணவர்களுக்குப் பரிசு வழங்க வந்திருக்கும் ஊராட்சி ஒன்றியத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, நூலக வாசகர் வட்ட நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: ஒரு விதி, ஒரு மனிதர், இரும்புச் சத்து மாத்திரை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். அதே 1 கிராமுக்கு 16 கிராம் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. முன்னதைக் குடிக்கலாம், பின்னது துணியை வெளுக்கும், தொண்டையைப் புண்ணாக்கும்.

கார்பன் மோனாக்சைடில் நூற்றுக்கு 42.86 பங்கு கார்பன், 57.14 பங்கு ஆக்சிஜன். கார்பன் டை ஆக்சைடில் 27.27, 72.73. இந்த நான்கு எண்களையும் எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது. ஆக்சிஜனைக் கார்பனால் வகுத்துப் பாருங்கள். முன்னதில் 1.33, பின்னதில் 2.67. சரியாக இரண்டு மடங்கு! ஒன்றே காலும் இல்லை, ஒன்றே முக்காலும் இல்லை. அணு பாதியாகப் பிளந்துகொண்டு வந்து சேராது; ஒன்று வரும், அல்லது இரண்டு வரும். இதுதான் பெருக்கல் விகித விதி: இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தந்தால், ஒன்றின் ஒரே அளவோடு சேரும் மற்றதன் எடைகள் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கும். இங்கே பழமொழியையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்குகிறவரைக் கொல்வது ஆக்சிஜன் குறைந்த மோனாக்சைடு. அளவு குறைந்தாலும் நஞ்சுதான்.

இதைக் கண்டவர் ஜான் டால்டன். 1766-இல் இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் பிறந்த நெசவாளி மகன். பன்னிரண்டு வயதிலேயே வாத்தியார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அம்மாவுக்குப் பட்டுக் காலுறை வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், பகட்டான நிறம் உடுத்துவது அவர்களுக்கு ஆகாது. அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, காலுறை அருமை. இந்த நிறத்தில் போட்டுக்கொண்டு நான் எப்படி வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போவேன்?" என்றாராம். "ஏன் அம்மா, அடக்கமான கருநீலம்தானே?" "கருநீலமா? செக்கச் செவேலென்று இருக்கிறதே!" அண்ணனைக் கூப்பிட்டார் டால்டன். அண்ணனும் நீலம் என்றார். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களிடம் எடுத்துக்கொண்டு ஓடினார். அத்தனை பேரும் சிவப்பு என்றார்கள்! அண்ணன் தம்பி இருவருக்குமே நிறக்குருடு. 1794-இல் டால்டன் அதைப் பற்றியே கட்டுரை படித்தார். தான் இறந்தபின் கண்ணைச் சோதிக்கச் சொன்னார். பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்து, பச்சையை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

சிவப்பு தெரியாத மனிதர், குளத்துச் சேற்றைக் கிளறி எழும்பிய மீத்தேன் வாயுவைப் பிடித்தார், அதைப் போலவே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த எத்திலீன் வாயுவோடு ஒப்பிட்டார். ஒரே அளவு கார்பனுக்கு மீத்தேனில் ஹைட்ரஜன் இரு மடங்கு என்று கண்டார். நிறத்தைப் பார்த்தா கண்டார்? அளந்து கண்டார்!

நம் பிள்ளைகளோ விதியை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் தராசு இருந்தது. பீரோவுக்குள், பூட்டுக்குள், உறைகூடப் பிரிக்காமல். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். ஒரு சிட்டிகை தாமிரத் தூளைக் காற்றில் நன்றாகச் சூடாக்கி, முன்னும் பின்னும் எடை போடட்டும். 4 கிராம் தாமிரம் முழுவதும் கறுத்தால் ஏறக்குறைய 1 கிராம் கூடியிருக்கும். தாமிரத்துக்கு இன்னொரு ஆக்சைடு உண்டு, அது சிவப்பு; அதில் அதே 1 கிராம் ஆக்சிஜனுக்கு 8 கிராம் தாமிரம். கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு விதியை யாரும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். மனப்பாடமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு.

இன்றைய பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆன செலவில் சின்ன மின்னணுத் தராசுகள் பல வாங்கலாம். விழாக் குழுவினர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் தராசு வேண்டும், உடைந்தால் ஆசிரியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். ஒன்றியத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் தயங்கமாட்டார்கள். மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் மேசை இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நன்றி, வணக்கம்.