கெட் அவே, கெட் அவே வித்: தப்பியோடியவர்கள் தப்பித்தார்களா?

திரையில்: இரவு, ரயில் பாதை, தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

1963 ஆகஸ்ட் 8, அதிகாலை மூன்று மணி. கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வந்துகொண்டிருந்த தபால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழுந்தது. அது ரயில்வே போட்ட விளக்கு அல்ல. பச்சை விளக்கைக் கையுறையால் மூடிவிட்டு, பேட்டரியில் சிவப்பு விளக்கை எரியவிட்டிருந்தது ஒரு கொள்ளைக் கும்பல். ரயில் நின்றது. ஓட்டுநர் ஜாக் மில்ஸின் தலையில் அடி விழுந்தது. ஏறத்தாழ 120 தபால் மூட்டைகளில் இருந்த 26 லட்சம் பவுண்டு பறிபோனது.

இந்தக் கும்பலைப் பற்றி இரண்டு ஆங்கில வாக்கியங்கள் சொல்கிறேன்.

திரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக:
தே காட் அவே வித் த மணி.
தே டிட் நாட் கெட் அவே வித் இட்.

முதல் வாக்கியத்தில் ஆம் என்றும் இரண்டாவதில் இல்லை என்றும் இருக்கிறது. ஆனால் இரண்டும் உண்மை. 'கெட் அவே' என்ற ஃப்ரேசல் வெர்பின், அதாவது வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து உருவாகும் தொடரின், குறும்பு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

முதலில் வெறும் 'கெட் அவே'. பிடிக்க வருகிறவர் கையில் சிக்காமல் ஓடிவிடுவது. நம் பேச்சில் கம்பி நீட்டிவிடுவது. 'த தீஃப் காட் அவே' என்றால் திருடன் தப்பியோடிவிட்டான். யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டுமானால் 'ஃப்ரம்' சேர வேண்டும்: 'ஹி காட் அவே ஃப்ரம் த போலீஸ்.' 'எஸ்கேப்' என்ற சொல் இந்த விஷயத்தில் சற்றுத் தாராளமானது. 'எஸ்கேப் பனிஷ்மென்ட்' என்று நேராகவே செயப்படுபொருளை ஏற்றுக்கொள்ளும். 'கெட் அவே த போலீஸ்' என்று எழுதினால் பிழை. தேர்வுத் தாள்களில் அடிக்கடி மதிப்பெண் பறிபோவது இந்த இடத்தில்தான்.

ஓடுகிறவர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'ஐ குடின்ட் கெட் அவே ஃப்ரம் த ஆபீஸ் டில் எய்ட்' என்று ஒருவர் சொன்னால், எட்டு மணி வரை வேலை அவரை விடவில்லை என்று பொருள். யாரும் துரத்தவில்லை, கிளம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது 'வித்' வருகிறது. இதற்கு இரண்டு முகங்கள். 'வித்'துக்குப் பின்னால் கையில் தூக்கிச் செல்லக்கூடிய பொருள் வந்தால், அதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று பொருள். பணம், நகை, தபால் மூட்டை, எதுவாகவும் இருக்கலாம். செய்த காரியம் வந்தால் பொருள் மாறிவிடும்: அதைச் செய்தும் தண்டனை இல்லாமல் தப்பித்தார்கள். 'ஹி காட் அவே வித் சீட்டிங்' என்றால் ஏமாற்றினான், மாட்டவில்லை. வினைச்சொல் வந்தால் 'ஐஎன்ஜி' வடிவம்தான். 'வித் டு சீட்' என்று வராது. 'கெட் அவே வித் மர்டர்' என்று சொன்னால் பெரும்பாலும் கொலையே நடந்திருக்காது. என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்ற எரிச்சல்தான் அது. செல்லப் பிள்ளையைப் பற்றி அக்கா சொல்லும் புகார் அந்த ரகம்.

ரயில் கும்பலுக்கு வருவோம். பணத்தோடு போய் லெதர்ஸ்லேட் என்ற பண்ணை வீட்டில் பதுங்கினார்கள். அங்கே விட்டுச் சென்ற கைரேகைகளே அவர்களைக் காட்டிக்கொடுத்தன. 1964 ஏப்ரலில் பலருக்கு 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி கிடைக்கவே இல்லை. ஆகவே 'வித் த மணி' சரி, 'வித் இட்' சரியில்லை. அந்த 'இட்' சுட்டுவது பணத்தை அல்ல, குற்றத்தை.

ஆனால் ஒருவர் கதையில் இந்தக் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. ரோனி பிக்ஸ். அவருக்கும் 30 ஆண்டுதான். 1965 ஜூலையில் வாண்ட்ஸ்வொர்த் சிறையின் மதிலைக் கயிற்றேணி வைத்துத் தாண்டி, வெளியே காத்திருந்த வேனில் ஏறிவிட்டார். பாரிஸில் முக அறுவை சிகிச்சை, பிறகு ஆஸ்திரேலியா, 1970இல் பிரேசில். 1974இல் ஸ்காட்லாந்து யார்டின், அதாவது லண்டன் போலீஸின், அதிகாரி ஜாக் ஸ்லிப்பர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கே வந்துவிட்டார். ஆனால் பிரிட்டனுக்கும் பிரேசிலுக்கும் இடையில் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இல்லை. போதாததற்கு, பிக்ஸின் பிரேசில் காதலி கர்ப்பமாக இருந்தார்; பிரேசில் குழந்தைக்குத் தந்தையாகப் போகிறவரை வெளியேற்ற அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஸ்லிப்பர் வெறுங்கையோடு திரும்பினார். ஏறத்தாழ 36 ஆண்டுகள் வெளியே வாழ்ந்த பிக்ஸ், நோய் முற்றிய நிலையில் 2001இல் தாமாகவே பிரிட்டன் திரும்பினார். இறங்கியதும் கைது. உடல்நிலை காரணமாக 2009இல் விடுதலை.

திரையில்: டிட் ஹி கெட் அவே வித் இட்?

'காட் அவே' என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. 'காட் அவே வித் இட்'டா? 36 ஆண்டுகளை நினைத்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். என் தீர்ப்பு இல்லை என்பதே. இந்தத் தொடர் கேட்பது எவ்வளவு காலம் என்பதை அல்ல. கணக்கு தீர்க்கப்பட்டதா என்பதை. அவர் கணக்கு கடைசியில் சிறைக்கே வந்து நின்றது. இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள்; பிரிட்டனிலேயே இருந்தார்கள்.

தண்டனை முழுவதும் நீங்காமல், லேசாக முடிந்தாலும் இதே தொடர்தான். 'ஷி காட் அவே வித் எ வார்னிங்': எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். குற்றமே இல்லாத இடத்திலும் வரும். சுவருக்கு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். பெயின்டர் 'யூ கேன் கெட் அவே வித் டூ' என்கிறார். இரண்டு பூச்சிலேயே சமாளித்துவிடலாம் என்கிறார், பாவம், எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

பெயர்ச்சொல்லாகும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும்: கெட்அவே. அழுத்தமும் முன்னால் நகரும். வினையில் 'அவே' ஓங்கும். பெயரில் 'கெட்' ஓங்கும். கொள்ளையர்களுக்காகக் காத்திருக்கும் வண்டி 'கெட்அவே கார்'. ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளின் விளம்பரத்தில் வரும் 'வீக்எண்ட் கெட்அவே'யும் இதே சொல்தான். அங்கே துரத்துவது அலுவலகம்.

இறந்தகாலம் 'காட்'. அமெரிக்கர்கள் 'ஹேஸ்' சேர்ந்தால் 'காட்டன் அவே' என்பார்கள், பிரிட்டனில் 'ஹேஸ் காட் அவே'தான். நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டன் வழி.

கடைசியாக ஒன்று. பிரிட்டனில் நம்ப முடியாத செய்தியைக் கேட்டதும் சிலர் 'கெட் அவே!' என்பார்கள். கிளம்பிப் போகச் சொல்கிறார்கள் என்று எழுந்துவிட வேண்டாம். நாம் 'அட, போ!' என்று சொல்கிறோமே, அதேதான்.